மந்தர ஸ்தாயியும் மாண்டோலாவும்

உடுமலைப்பேட்டைக்காரர்களுக்குத் திரைப்பாட்டு அந்நிய விஷயமன்று. 1899-இல் பூளவாடியில் பிறந்து, 'வேலைக்காரி', 'பராசக்தி' முதலிய படங்களுக்குப் பாட்டெழுதி, ஊரின் பெயரையே தம் பெயரின் முன்னே தாங்கித் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்ற நாராயணகவியின் ஊர் இது. அக்காலத்துப் பாடல்களை இன்றும் விரும்பிக் கேட்கிறவர்கள், ஒரு சரணம் முடிந்து மறு சரணம் தொடங்குவதற்கு முன்னுள்ள சிறு இடைவெளியில் கணீரென்று துடித்தெழும் ஒரு தந்தியொலியை அநேகமாகக் கவனித்திருப்பார்கள்; ஆனால் அது எந்த வாத்தியம் என்று விசாரித்தவர்கள் வெகு சிலரே. அதுதான் மாண்டலின். அதற்கு ஒரு குடும்பம் உண்டென்பதும், அக்குடும்பத்தில் அதனினும் கனத்த குரலுடைய மாண்டோலா என்றொரு வாத்தியம் இருக்கிறதென்பதும் நம்மவர்களில் அநேகருக்குத் தெரியாத சங்கதி.

இத்தாலிய நாட்டு நேப்பிள்ஸ் நகரில், பதினெட்டாம் நூற்றாண்டில், வினாச்சியா என்னும் குடும்பத்தார் இவ்வாத்தியத்துக்கு இன்றைய உருவம் தந்தார்கள். பிளந்த சுரைக்குடுக்கை போலப் பின்புறம் குவிந்து, முன்புறம் பலகை மூடி, குட்டையான கழுத்தில் உலோக மெட்டுகள் பதித்து, நான்கு ஜோடிகளாக எட்டுத் தந்திகள் பூட்டிய அமைப்பு அது. ஜோடியின் இரு தந்திகளும் ஒரே சுருதியில் நிற்பதால் நாதத்துக்கு ஒரு மினுமினுப்பு உண்டாகிறது. ஆயினும் மீட்டிய ஒலி சீக்கிரம் மடிந்துபோகிறது; அதனால்தான் நீண்ட ஸ்வரம் வேண்டுமிடத்தில், சிறு தகட்டால் தந்தியை மேலும் கீழும் விரைவாக மீட்டிக்கொண்டேயிருக்கும் வழக்கம் ஏற்பட்டது. மேற்சொன்ன துடிப்பின் ரகசியம் இதுவே. மோட்ஸார்ட் 1787-இல் இயற்றிய 'டான் ஜியோவானி' இசைநாடகத்தில், காதலியின் ஜன்னலடியில் நின்று நாயகன் பாடும்போது துணை வருவதும் இவ்வாத்தியந்தான்.

மாண்டலினின் நான்கு சுருதிகளும் மேனாட்டு வயலினின் நான்கு சுருதிகளே. வயலினுக்கு மூத்ததாக வயோலாவும், அதற்கும் மூத்ததாகச் செல்லோவும் நிற்பது போலவே, மாண்டலினுக்கு மேல் மாண்டோலாவும் மாண்டோசெல்லோவும் நிற்கின்றன. மாண்டலினில் தந்தியின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். மாண்டோலாவில் சுமார் 43. மாண்டோசெல்லோவிலோ 60-ஐத் தாண்டிவிடும். நீளமும் பருமனும் கூடக் கூடத் தந்தி மெதுவாக அதிர்கிறது, குரல் தணிகிறது. மாண்டலினின் அடித்தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 196 தடவை அதிர்ந்தால், மாண்டோலாவின் அடித்தந்தி 131 தடவையே அதிரும். நமது பாஷையில் சொன்னால், மேலது பஞ்சமமானால் கீழது ஷட்ஜம். இந்த 131 அதிர்வு, ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் வித்துவானின் மத்திய ஸ்தாயி ஷட்ஜத்துக்குச் சமம் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்த வித்துவானின் ஆதார ஷட்ஜத்தையே சாதாரண மாண்டலினால் அதே ஸ்தாயியில் எட்ட முடியாது. மாண்டோலாவோ அங்கேயிருந்துதான் புறப்படுகிறது. அமெரிக்காவில் ஓர்வில் கிப்சன் என்பவர், வயலினைப் போல மரத்தைக் குடைந்து வளைவு கொடுத்துச் செய்யும் முறைக்கு 1898-இல் காப்புரிமை பெற்ற பிறகு, இக்குடும்பத்து வாத்தியங்களைக் கொண்டே முழு வாத்தியக் கோஷ்டிகள் அங்கே அமைந்தன. மாண்டோலா அவற்றில் நடுக்குரலாக நின்று மேலொலியையும் கீழொலியையும் இணைத்தது.

நமது சங்கீதத்துக்கு இவை பொருந்துமா என்பது நியாயமான சந்தேகம். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பியான பாலுஸ்வாமி தீக்ஷிதர் வயலினைக் கற்றுக்கொண்டபோதும் இத்தகைய சந்தேகம் எழாமல் இருந்திராது. ஆனால் வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் தங்குதடையின்றி ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிச் செல்லும். கமகம் இயல்பாக அமையும். மாண்டலினிலோ மெட்டுகள் தடுக்கின்றன. வீணையில் செய்வது போலத் தந்தியை இழுத்து அசைக்கலாமென்றால், தந்தி குட்டை, முறுக்கு அதிகம், போதாக்குறைக்கு ஜோடி வேறு. இரண்டையும் சேர்த்து இழுத்தால் ஒன்று ஓரிடத்திலும் மற்றது வேறிடத்திலுமாக நின்று சுருதி பேதமாகிவிடும்.

இந்தத் தடைகளையெல்லாம் கடந்தவர், ஆந்திர தேசத்துப் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்து, தந்தை சத்தியநாராயணாவின் மாண்டலினைச் சின்னஞ்சிறு வயதிலேயே கையிலெடுத்த உ. ஸ்ரீநிவாஸ். அவருக்குக் குருவாக வாய்த்த ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். குரு பாடுவார், சிறுவன் அதைத் தந்தியில் தேடிக் கண்டெடுப்பான். இதைவிட மேலான பயிற்சி வேறு இருக்க முடியாதென்பது என் திடமான அபிப்பிராயம். வாத்தியம் தெரிந்த குருவாயிருந்தால், வாத்தியத்துக்கு எது சுலபமோ அதைச் சொல்லிக்கொடுத்திருப்பார்; பாடுகிற குருவானதால், குரலுக்கு எது உண்மையோ அதையே சிறுவன் வாசிக்க வேண்டியதாயிற்று. 1978-இல் குடிவாடாவில் நடந்த தியாகராஜ உத்ஸவத்தில் முதல் அரங்கேற்றம். 1981-இல் சென்னையில் கச்சேரி. 1983-இல் பெர்லின் ஜாஸ் விழா. பின்னாளில் ஜான் மக்லாக்லின், ஜாகிர் ஹுசைன் ஆகியோருடன் உலக மேடைகள், 1998-இல் பத்மஸ்ரீ. 2014 செப்டம்பரில், நாற்பத்தைந்தாம் வயதில், அவர் மறைந்தது தென்னிந்திய சங்கீதம் இன்னும் ஈடுசெய்து முடியாத நஷ்டம்.

அவர் வாத்தியத்தில் செய்த மாற்றங்கள் வெறும் அலங்காரமல்ல. ஜோடித் தந்திகளை ஒற்றையாக்கினார். சுருதி பேதமாகும் தொல்லை நீங்கியது. மின்சாரத்தால் ஒலிபெருக்கும் மாண்டலினை மேற்கொண்டார். நாதம் நீடித்தது, ஒரே மீட்டில் பல ஸ்வரங்களுக்கு விரல் வழுக்கிச் சென்று தோடியின் காந்தாரத்தைக்கூட அசைத்துக் காட்ட இடமுண்டாயிற்று. நான்கு தந்திகளோடு நிற்காமல் ஐந்தாவது தந்தி ஒன்றையும் சேர்த்து, கீழே மந்தர ஸ்தாயிக்கு வழி திறந்தார். இந்தக் கடைசி மாற்றமே என் மனத்தை அதிகமாகக் கவர்கிறது. ராக ஆலாபனையில் பாடகர் கீழே இறங்கி, அங்கே நிதானமாகச் சஞ்சரித்துப் பிறகு மேலேறும்போதுதான் ராகத்தின் முழு ரூபமும் புலப்படுகிறது. அந்தக் கீழிடம் மாண்டலினுக்கு இயற்கையில் வாய்க்காததால், மாண்டோலா ஆளும் பிரதேசத்தை நோக்கி அவர் ஒரு தந்தியை அனுப்ப வேண்டியிருந்தது.

அப்படியானால் மாண்டோலாவையே நேராக ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? பாலமுரளிகிருஷ்ணா வயோலாவை வாசித்துக் காட்டி, வயலினைக் காட்டிலும் கனத்த குரலும் நமது கீர்த்தனங்களுக்கு எவ்வளவு இசைவானதென்று நிரூபித்திருக்கிறார். வயோலாவின் சுருதிகளே மாண்டோலாவின் சுருதிகள். காம்போதியும் சங்கராபரணமும் விஸ்தாரமாக இறங்கி நிற்க இடங்கொடுக்கும் வாத்தியம் அது. மேனாட்டில் செய்து விற்கும் மாண்டோலாவில் எட்டுத் தந்திகளுக்குப் பதில் நான்கைப் பூட்டிக்கொண்டு, ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டால் ஆரம்பப் பயிற்சிக்கு அதுவே போதும். கொங்குநாட்டில் மாண்டலின் கற்கும் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை: விரல் வைக்கும் முறை மாறாது, மெட்டுகளுக்கிடையே தூரம் சற்று அதிகமாதலால் விரல்களை விரித்து வைத்துச் சாதகம் செய்ய வேண்டும், முதல் சில மாதங்கள் ஜண்டை வரிசைகளைக் கீழ்க்காலத்திலேயே வாசிக்க வேண்டும்.