பல் டாக்டரிடம் குழந்தை ஏன் பயப்படுகிறது?

ஆரியசாலையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா சாலை பஜாரில் சுமை தூக்குகிறார். ஆறு வயது மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. இரவெல்லாம் அழுகிறாள். டாக்டரிடம் போகலாம் என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாள்.

"பால் பல்தானே! தானாக விழுந்துவிடும்" என்கிறார் பாட்டி.

பாட்டி சொல்வது பாதிதான் சரி. பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கும். கடைவாய்ப் பால் பற்களோ பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அடியில் வளரும் நிலைப் பல்லுக்கு அவை இடம் பிடித்து வைக்கின்றன. சொத்தை ஆழமானால் வேரில் சீழ் பிடிக்கும். கன்னம் வீங்கும். காய்ச்சல் வரும். வீக்கம் கண் பக்கம் ஏறினாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1959-இல் தொடங்கியது. குழந்தைகளின் பல்லைப் பார்க்கத் தனிப் பிரிவு உண்டு. வழி தெரியும். குழந்தை வர வேண்டுமே!

குழந்தை எதற்குப் பயப்படுகிறது? வலி மட்டும் காரணம் அல்ல. கண்ணைக் கூசும் விளக்கு. "கிர்ர்" என்ற சத்தம். மருந்து வாசனை. மல்லாந்து சாயும் நாற்காலி. முகமூடி போட்ட புது மனிதர். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதினால் பெரியவர்களுக்கே படபடக்கும்.

அதே 1959-இல் அடெல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் ஒரு வழியை எழுதினார். முதலில் சொல். பிறகு காட்டு. அதன் பிறகே செய். கண்ணாடியைக் காட்டி, "இதை வைத்துப் பல்லை எண்ணப் போகிறேன்" என்று சொல்வது. குழந்தையின் விரல் நகத்தில் கருவியை மெல்லச் சுற்றிக் காட்டுவது. அதன் பிறகு வாயில் வைப்பது. இன்றும் உலகெங்கும் பல் மருத்துவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

பிறகு இன்னும் ஒரு படி போனார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆட்டிசம் உள்ள 162 குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2023-இல் வெளிவந்தது. அறை விளக்கை மங்கலாக்கினார்கள். மெல்லிய இசை வைத்தார்கள். குழந்தையை அணைத்தாற்போல் துணி சுற்றினார்கள். இப்படிச் செய்தபோது குழந்தைகளின் பதற்றம் குறைந்தது. அழுத்தமான அணைப்பு உடம்பை அமைதியாக்கும். அழும் பிள்ளையைத் தாய் இறுக அணைப்பது இதனால்தான். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை!

நம்மால் என்ன செய்ய முடியும்? முதல் நாளே வீட்டில் டாக்டர் விளையாட்டு விளையாடலாம். ஒரு கரண்டியால் அம்மாவின் பல்லைக் குழந்தை எண்ணட்டும். பிறகு அம்மா எண்ணட்டும். பல் ஆஸ்பத்திரி வாசனையில் கிராம்பு எண்ணெய்க்குப் பெரும் பங்கு உண்டு. சாலை பஜாரில் கிராம்புக்கா பஞ்சம்? ஒன்றைக் கையில் கொடுத்து முகரச் சொல்லுங்கள். "அங்கேயும் இந்த வாசனைதான்" என்று சொல்லி வையுங்கள். மலையாளத்தில் டாக்டர் "வாய் துறக்கூ" என்பார். வாயைத் திற என்று பொருள். இதையும் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் தமிழ் மட்டும் கேட்ட பிள்ளை திகைக்காது.

காலை நேரத்தில் போவது நல்லது. களைத்த பிள்ளை சீக்கிரம் அழும். பிடித்த துணியோ பொம்மையோ கையில் இருக்கட்டும். விளக்கு கூசினால் கறுப்புக் கண்ணாடி போட்டுவிடலாம். "கையைத் தூக்கினால் நிறுத்துவீர்களா?" என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள். நிறுத்த முடியும் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

சில பேச்சுகளை விட்டுவிட வேண்டும். "சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் மிரட்டிவிட்டு, பிறகு ஊசிக்குப் பயப்படாதே என்றால் எப்படி? "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். "எறும்பு கடித்த மாதிரி கொஞ்ச நேரம் இருக்கும்" என்று உண்மையைச் சொல்லுங்கள்.

மரத்துப்போக ஊசி போட்டிருந்தால், வீடு திரும்பியதும் கவனம் தேவை. இரண்டு மூன்று மணி நேரம் உதட்டில் உணர்வு இருக்காது. குழந்தை விளையாட்டாக உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மரப்பு போகும் வரை சூடாக எதுவும் கொடுக்காமல், பக்கத்திலேயே இருங்கள்.