கத்திக்கு முன் எடைக் கணக்கு

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வயிற்றுப்புண்ணுக்காக அறுவை செய்துகொண்ட 46 பேரின் கணக்கை ஹைரம் ஸ்டட்லி 1936-இல் வெளியிட்டார். உடல் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்த 18 பேரில் 6 பேர் இறந்தனர், அதாவது 33.3 சதவீதம். அதற்குக் கீழே இழந்திருந்த 28 பேரில் இறந்தவர் ஒருவர், 3.6 சதவீதம். ஒன்பது மடங்கு வேறுபாடு. அவர்களுக்கு இருந்தது புற்றுநோய் அல்ல. ஆனால் உணவுக்குழாய், இரைப்பை, கணையப் புற்றுநோயாளிகள் பலர் சாப்பிட முடியாமல் மெலிந்துதான் அறுவைக்கு வருகிறார்கள். அவர்களிடமும் கேட்க வேண்டிய முதல் எண், இழந்த எடையின் சதவீதம்தான்.

மெலிந்தவருக்கு ஊட்டினால் போதுமா? 1991-இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு இதற்கு இரண்டு விடை தந்தது. வயிற்றிலோ மார்பிலோ பெரிய அறுவைக்குக் காத்திருந்த, ஊட்டக்குறைவுள்ள 395 பேரில் ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு முன் 7 முதல் 15 நாள் சிரைவழியே ஊட்டம் செலுத்தினர். 30 நாளில் பெரிய சிக்கல்கள்: ஊட்டம் பெற்றவர்களில் 25.5 சதவீதம், பெறாதவர்களில் 24.6 சதவீதம். லாபமில்லை. தொற்றோ ஊட்டம் பெற்றவர்களில் 14.1 சதவீதம், பெறாதவர்களில் 6.4 சதவீதம், இரு மடங்குக்கு மேல் வேறுபாடு. கடுமையாக மெலிந்தவர்களை மட்டும் தனியே பிரித்தால் கணக்கு தலைகீழாகிறது: தொற்று கூடவில்லை, தொற்றல்லாத சிக்கல்கள் 43 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகின்றன. சிறு பிரிவின் எண் என்பதால் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

2000-இல் இத்தாலியில், 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை இழந்த 90 இரைப்பை, குடல் புற்றுநோயாளிகளிடம் சிரைவழி ஊட்டம் சிக்கல்களை 57-லிருந்து 37 சதவீதமாகக் குறைத்தது. 2002-இல், 10 சதவீதத்துக்குக் கீழே இழந்த 305 புற்றுநோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு, அறுவைக்கு முன் ஐந்து நாள் தினம் ஒரு லிட்டர் சிறப்பு ஊட்டப் பானத்தை வாய்வழியே தந்து பார்த்தார்கள். தொற்று 30.4 சதவீதத்துக்குப் பதில் 13.7 சதவீதம். ஊசி தேவைப்படவில்லை.

ஆறு மாதத்தில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவருக்கு, புற்றுநோயானாலும் அறுவையை 7 முதல் 14 நாள் தள்ளி ஊட்டச் சொல்கிறது ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டி. 60 கிலோவிலிருந்து 50 கிலோவுக்கு இறங்கியவரின் இழப்பு 16.7 சதவீதம். அவருக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 கிலோகலோரி வீதம் நாளுக்கு 1,250 முதல் 1,500 கிலோகலோரி, கிலோவுக்கு 1.5 கிராம் வீதம் 75 கிராம் புரதம். ஒரு முட்டைக்கு 6 கிராம் என்றால் நாளுக்குப் பன்னிரண்டரை முட்டை. ஒரு இட்லிக்கே திணறுபவருக்கு இதை எப்படித் தருவது என்பதில்தான் அந்த 14 நாளும் செலவாகும்.