ஒளியை ஆராய ஒரு வாசல்

கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு தாய் சிங்கப்பூரிலுள்ள மகனுடன் பேசுகிறார். அக்குரல் எவ்வழியே செல்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பெரும்பாலும் வங்கக் கடலின் அடியில் கிடக்கும் கண்ணாடி இழை வழியாகத்தான்! சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் செயற்பாட்டுக்கு வந்த கடலடி வடம் ஒன்றின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அவ்விழையில் ஒளி செல்லும் உட்பகுதி தலைமுடியினும் மெல்லியது. அதைச் சூழ்ந்த கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சற்றுக் குறைவு. ஆதலால் உள்ளே புகுந்த லேசர் ஒளி வெளியே தப்பாமல், முழுமையாக எதிரொளித்தவாறே முன்னேறுகிறது.

ஒளி எவ்வாறு வளைகிறது என்பதைப் பக்தாதில் சுமார் 984-ஆம் ஆண்டிலேயே வரைந்து காட்டியவர் இப்னு ஸஹ்ல். அவருக்குப் பின் வந்தவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம். மேடைகளில் இப்பெயர்களைச் சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம். ஆய்வுக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயர்கள் எத்தனை என்று கேட்பதில்லை.

"எம்.எஸ்ஸி. முடித்தபின் இன்னும் ஐந்தாண்டு படிப்பா? வீட்டுச் செலவுக்கு யார் தருவார்?" என்பது பெற்றோரின் கேள்வி. நியாயமான கேள்விதான். சிறுபான்மையினருக்கென 2009-இல் தொடங்கிய மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. அது பேரிழப்பே. அத்துடன் வழியே அடைபட்டது எனக் கருதிப் பலர் ஒதுங்கிவிடுவது அதனினும் பெரிய இழப்பு. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வின் இளநிலை ஆய்வு உதவித்தொகை எல்லாச் சமுதாயத்தாருக்கும் உரியது. 2023 ஜனவரி முதல் அத்தொகை முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய். பின்னர் முதுநிலையில் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி.

எங்கே ஆராய்வது? பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பல்கலைப்பேரூர் வளாகம், திருச்சியிலிருந்து நம் புதுக்கோட்டைக்கு வரும் சாலையிலேயே உள்ளது. மாமன்னர் கல்லூரியில் பயின்றோர் பட்டம் பெறுவதும் இப்பல்கலைக்கழகத்தில்தான். இங்குள்ள நேரியலா இயங்கியல் மையத்தில் பேராசிரியர் மு. இலட்சுமணன் குழுவினர், இழைக்குள் நெடுந்தொலைவு சென்றும் உருக்குலையாத 'சாலிட்டான்' எனும் ஒளித்துடிப்புகளைக் கணித வழியில் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றனர். செய்முறை ஆய்வை விரும்புவோருக்குச் சென்னை ஐ.ஐ.டி., கொச்சியில் 1995-இல் தோன்றிய பன்னாட்டு ஒளியணுவியல் பள்ளி, லேசருக்கென்றே பெயர்பெற்ற இந்தூர் ராஜா ராமண்ணா மையம் ஆகியன உள்ளன. இழை வார்க்கும் கலையை ஆராய்வது கல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிலையம்.

பெண் மக்களைப் பெற்றோர் இதையும் கவனிக்க வேண்டும்: இவ்வுதவித்தொகைக்கான வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. திருமணம், மகப்பேறு எனச் சில ஆண்டுகள் இடையில் கழிந்தவரும் மீண்டும் முயலலாம்.

எம்.எஸ்ஸி. இறுதியாண்டில் பயில்வோரும் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். மாநில அரசின் பி.சி. முஸ்லிம் சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. தம் பிரிவு மத்தியப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் முன்னதாகவே பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.