உங்களுக்குத் தெரியுமா? கலைஞரின் கையில் கண்ணாடி உலை

ஒரு கலைஞர் தன் பட்டறையிலேயே கண்ணாடியை உருக்கி ஊதுவது, அமெரிக்காவில் 1962 வரை ஏறக்குறைய நடக்காத காரியம். கலைஞர் படம் வரைந்து கொடுப்பார். ஆலைத் தொழிலாளி செய்து தருவார். அந்த ஆண்டு ஹார்வி லிட்டில்டன் என்ற மட்பாண்டக் கலைஞர், டொலீடோ கலை அருங்காட்சியக வளாகத்துக் கொட்டகையில் சிறிய உலை மூட்டினார். முதல் உருக்கு சரிவரவில்லை. டொமினிக் லபினோ என்ற கண்ணாடி நிபுணர், கண்ணாடியிழைத் தயாரிப்புக்கான கோலிகளைக் கொடுத்து உருக்கச் சொன்னார். கண்ணாடி குழலுக்கு வசப்பட்டது. ஸ்டூடியோ கண்ணாடிக் கலை அங்கேதான் வேகம் பிடித்தது.

சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் கண்ணாடி தேன்போல இழுபடும். செய்த குடுவையை அப்படியே வெளியே வைத்தால், மேற்பரப்பு முந்தி இறுகி, உட்புறம் பிந்தி, விரிசல் விழும். அதனால் ஏறக்குறைய 500 டிகிரிச் சூளையில் வைத்து, மணிக்கணக்கில் மெல்ல ஆறவிடுகிறார்கள். நிறம் உலோகங்களின் கொடை: கோபால்ட் நீலம் தரும், மாங்கனீசு ஊதா.

திருவனந்தபுரத்தில் வண்ணக் கண்ணாடியின் அழகைப் பார்க்க நேப்பியர் அருங்காட்சியகம் போதும். 1880இல் எழுந்த இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம்; சென்னைப் பல்கலைக்கழக செனட் மாளிகையும் அவர் கைவண்ணமே. இரண்டிலும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் உண்டு. வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில், அருங்காட்சியகத்துக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.