கூடிப் பெறும் பேறு: கருவுற்ற மகளிர்க்கான குழுமுறைக் கவனிப்பு

முன்னுரை

'மகப்பேறு' என்பது எண்ணி மகிழத்தக்க தமிழ்ச்சொல். 'பேறு' என்பது பெறுதலையும் குறிக்கும். பெறுதற்கரிய நற்பயனையும் குறிக்கும். ஆயினும் அப்பேற்றை அடையும் வழியிலேயே உயிர்துறக்கும் தாய்மார் இன்றும் பலர். 2025-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் பிற ஐக்கிய நாடுகள் அமைப்புகளுடன் இணைந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்திலோ, மகப்பேற்றின்போதோ, அதனை அடுத்த நாள்களிலோ மாண்டனர். அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவருக்கு மேற்பட்டோர் குறைந்த வருவாய், கீழ்நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தோர். இவ்விறப்புகளுள் பெரும்பாலானவை தடுக்கத்தக்கவை என்பதே நம் நெஞ்சைச் சுடும் செய்தியாகும்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு இடமேது எனச் சிலர் வினவக்கூடும். மருந்தும் கருவியும் மட்டுமல்ல, தக்க நேரத்தில் புரியும்படி சொல்லப்படும் சொல்லும் உயிர்காக்கும். ஆதலின், சொல்லைப் பயில்வோரும் பயிற்றுவோரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

ஒரு நிகழ்ச்சி

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கருவுற்றிருந்த நம் லாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். காலை எட்டு மணிக்குச் சென்ற நமக்கு முறை வந்தபோது நண்பகல் கடந்திருந்தது. உள்ளே சென்றவர் சில நிமிடங்களில் சீட்டுடன் திரும்பினார். "என்ன சொன்னார்கள்?" என்று கேட்டோம். "ஒன்றும் சொல்லவில்லை; எழுதித் தந்தார்கள்" என்றார். முகமும் கைகளும் வீங்குவது பற்றிக் கேட்க எண்ணியிருந்தார், கேட்க வாய்க்கவில்லை. ஆனால், வெளியே பெஞ்சில் அருகிருந்த அம்மையாரிடம் அதனைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருந்தார். "எனக்கும் அப்படித்தான், பிள்ளை பிறந்தால் வடிந்துவிடும்" என்று அவர் ஆறுதல் கூறினாராம். திருத்துவார் அங்கு எவருமில்லை. பத்து நாள்கள் கழித்துக் கடுந்தலைவலியும் கண்மங்கலும் தோன்ற, இரவோடு இரவாக லாத்தாவைச் சேர்க்க நேர்ந்தது. இரத்த அழுத்தம் மிகவும் உயர்ந்திருந்தது. இறையருளால் தாயும் சேயும் பிழைத்தனர்.

இந்நிகழ்ச்சியில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. மருத்துவ அறையில் அறிவு இருந்தது, பேச்சு இல்லை. வெளியே பெஞ்சில் பேச்சு இருந்தது, அறிவு இல்லை. இவ்விரண்டினையும் ஒன்றுசேர்க்கும் முயற்சியே குழுமுறைக் கவனிப்பு.

முறையின் அமைப்பு

இம்முறை அமெரிக்காவில் ஷாரன் ஷிண்ட்லர் ரைசிங் என்னும் செவிலிய மருத்துவச்சியால் 1990களில் வகுக்கப்பெற்றது. பின்னர் மலாவி, தான்சானியா, கானா, நைஜீரியா, கென்யா, ருவாண்டா, நேபாளம் முதலிய நாடுகளில் அவ்வவ்விடத்து நிலைமைக்கேற்ப மாற்றி மேற்கொள்ளப்பெற்றது.

முதல் வருகையில் ஒவ்வொரு பெண்ணும் தனித்தே சோதிக்கப்படுவார். பின்னர், பேற்று நாள் நெருக்கமாக அமைந்த எட்டு முதல் பன்னிருவர் வரையிலான பெண்கள் ஒரு குழுவாகச் சேர்க்கப்படுவர். குறித்த நாளில் அனைவரும் வந்து வட்டமாக அமர்வர். தம் எடையையும் இரத்த அழுத்தத்தையும், கற்றுக்கொடுத்தபடி, தாமே அளந்து தம் அட்டையில் குறிப்பர். மருத்துவச்சி ஒவ்வொருவரையும் அறையின் மறைவான மூலைக்கு அழைத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சேயின் இதயத்துடிப்பைக் கேட்பார். தனித்துச் சொல்லவேண்டியன அங்கே சொல்லப்படும். அதன்பின் ஒரு மணி நேரத்திற்கு மேல் உரையாடல் நிகழும்.

உரையாடலின் பொருள்கள் பல. இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, சேயின் அசைவு குறைதல் முதலிய இடர்க்குறிகள், இரும்புச்சத்து மாத்திரையின் தேவை, மலேரியாவினின்றும் காக்கும் கொசுவலை, பேற்றுக்குச் செல்லும் இடம், வண்டி, பணம், துணை ஆகியவற்றை முன்னரே ஏற்பாடு செய்தல், தாய்ப்பால், அடுத்த கருவிற்கான இடைவெளி என அவை விரியும். கானாவில் எழுத்தறியாப் பெண்களும் பங்குகொள்ளுமாறு பட அட்டைகள் பயன்படுத்தப்பெற்றன.

இங்கு மருத்துவச்சி சொற்பொழிவாளர் அல்லர். ஒரு பெண் தன் ஐயத்தைக் கூறுவாள். மற்றொருத்தி தன் பட்டறிவைக் கூறுவாள். பிழையிருப்பின் மருத்துவச்சி திருத்துவார். வகுப்பறையில் பல்லாண்டு நின்றோர் இதன் அருமையை எளிதில் உணர்வர். ஆசிரியர் கூறக் கேட்ட பாடத்தினும், மாணவர் தம்முள் வாதிட்டுத் தெளிந்த பாடமே நெடிது நிற்கிறதன்றோ?

காலக் கணக்கு

இம்முறையின் வலிமையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். பத்துப் பெண்களுக்குத் தலைக்குப் பத்து நிமிடம் வீதம் ஒதுக்கினால் மருத்துவச்சிக்கு நூறு நிமிடம் செலவாகும். ஒவ்வொரு பெண்ணும் பெறுவது பத்து நிமிடமே. அதே நூறு நிமிடத்தைக் குழுவிற்கு அளித்தால், தனிச்சோதனைக்கான சில நிமிடங்களோடு எஞ்சிய உரையாடல் முழுவதும் பதின்மருக்கும் உரியதாகும். முன்பு 4 முறை கவனிப்புப் போதும் என வகுத்திருந்த உலக நலவாழ்வு நிறுவனம், 2016-இல் குறைந்தது 8 முறை தேவை எனப் பரிந்துரைத்தது. செவிலியர் பற்றாக்குறை மிக்க நாடுகளில் இக்கணக்கு எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

கண்ட பயன்கள்

நைஜீரியாவிலும் கென்யாவிலும் நாட்டுக்கு 20 நல மையங்களில் நடத்தப்பெற்ற ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. நைஜீரியாவில் குழுவில் சேர்ந்த மகளிருள் நூற்றுக்கு ஏறத்தாழ 77 பேர் நல மையத்தில் மகப்பேறு கண்டனர். தனிமுறைக் கவனிப்புப் பெற்றோருள் அவ்வாறு செய்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேரே. கென்யாவில் இவ்வேறுபாடு தோன்றவில்லை. அங்கே இரு சாராருள்ளும் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே மையங்களிலேயே பேறு கண்டனர்.

கூடிப் பேசுதலின் ஆற்றலுக்கு நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டம் மற்றொரு சான்று. அங்கு நடந்தவை மருத்துவச் சோதனையோடு கூடிய குழுக்கள் அல்ல. ஊர்ப் பெண் ஒருவர் மாதந்தோறும் கூட்டி வழிநடத்திய மகளிர் குழுக்கள். அவை கூடிப் பேசி அவசரநிதி திரட்டின. நோயாளியைச் சுமக்கும் தூக்குப்படுக்கை ஏற்பாடு செய்தன. 2004-இல் வெளியான ஆய்வின்படி, பிறந்த ஒரு மாதத்திற்குள் இறக்கும் சேய்கள் ஆயிரத்துக்கு, குழுக்கள் இல்லாத பகுதிகளில் 36.9, குழுக்கள் இருந்த பகுதிகளில் 26.2.

எல்லைகளும் இடர்களும்

இம்முறை எல்லா நோய்க்கும் மருந்தன்று. அமெரிக்காவில் இரு நகரங்களில் 1,047 பெண்களிடம் நடத்தப்பெற்று 2007-இல் வெளியான ஆய்வில், குழுமுறையால் குறைமாதப் பேறு நூற்றுக்கு 13.8-இலிருந்து 9.8 ஆகக் குறைந்தது. அப்பயனை எதிர்பார்த்து ருவாண்டாவில் 36 நல மையங்களில் ஆராய்ந்தபோது, இரு முறைகளிலும் சேய் கருவில் தங்கிய காலம் வேறுபடவில்லை. ஆகவேதான் உலக நலவாழ்வு நிறுவனமும், பெண்ணின் விருப்பத்தையும் இடவசதியையும் கருதி, முறையான ஆய்வோடு இதனை மேற்கொள்ளலாம் என 2016-இல் அளந்து கூறியது.

நடைமுறை இடர்களும் உள. மருத்துவச்சி ஒருவரே இருக்கும் மையத்தில், பேற்றுவலியோடு ஒருத்தி வந்துவிட்டால் குழு கலைந்துபோகும். எச்.ஐ.வி. சோதனை முடிவு, முன்னர் நேர்ந்த கருச்சிதைவு போன்றவற்றைப் பலர் நடுவே பேசவியலாது. மறைவிடம் கட்டாயம் வேண்டும். இவையனைத்திற்கும் மேலாக, இடர்க்குறியை அறிந்து விரைந்து வரும் பெண்ணுக்குக் குருதியும் மருந்தும் மருத்துவரும் காத்திருக்கவேண்டும். சொல் தாயை வாயில்வரை கொணரும். வாயிலுக்கு அப்பால் காக்கவேண்டியது மருத்துவம்.

முடிவுரை

நல மையத்தின் வாயிலில் காத்திருக்கும் நேரத்தைக் கற்கும் நேரமாக மாற்றியதே குழுமுறையின் சிறப்பு. தனியே அஞ்சிய பெண், தன்போல் அஞ்சும் ஒன்பதின்மரைக் கண்டு வாய் திறக்கிறாள். வாய் திறந்தவளின் பிழை திருத்தப்படுகிறது. அவள் அறிந்தது பிறர்க்கும் பயனாகிறது.

நம் மாணவச் செல்வங்களுள் சிலர் நாளை செவிலியராவர், சிலர் ஆசிரியராவர், பலர் தாயும் தந்தையும் ஆவர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் கருவுற்ற பெண்ணிடம், "சீட்டு எங்கே?" என்று கேட்குமுன், "நீ என்ன கேட்க எண்ணினாய்? கேட்டாயா?" என்று வினவுவோமாக. 'இல்லை' என்று அவள் விடையிறுப்பின், மறுநாளே அவளோடு சென்று அதனைக் கேட்போமாக. அன்று லாத்தாவிடம் நாம் அவ்வாறு வினவவில்லை. அக்குறை நம் நெஞ்சில் இன்னும் உள்ளது.