பஸ் காசைக் கிழித்த பையன்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புத்தூர் நால்ரோட்டுப் பக்கம் நண்பர்களின் மாடி ரூம். திருச்சி வெயிலைப் பற்றிப் புதுசாகச் சொல்ல என்ன இருக்கிறது? மொட்டை மாடியில் காயப்போட்ட பனியன் பத்தே நிமிஷத்தில் அப்பளம்!

பிரியாணி மயக்கத்தில் ஐந்து பேர், ஒரு லேப்டாப். ஓட்டெடுப்பில் ஜெயித்தது ஒரு சண்டைப் படம். ஆனால், லேப்டாப் என்னுடையதாச்சே... 'கூழாங்கல்' போட்டேன்.

"ஹீரோ யாரு மச்சி?"

"கருத்தடையான்."

"யாரு?!"

"கூட செல்லப்பாண்டின்னு ஒரு பையன்..."

"நான் தூங்கறேன்டா" என்று ஒருத்தன் தலையணையைத் தேடினான்.

கதையை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்து வர, பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறார் ஒரு குடிகார அப்பா. போன இடத்தில் அடிதடி. திரும்பி வர வைத்திருந்த பஸ் காசைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். அப்புறமென்ன... நடைதான்! மேலூர்ப் பக்கத்து வறண்ட காட்டில், மண்டையைப் பிளக்கிற வெயிலில் அப்பா முன்னே, பிள்ளை பின்னே. பாட்டு கிடையாது, பஞ்ச் டயலாக் கிடையாது. தலையணைக்காரன் எப்போது எழுந்து உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. அப்பாவின் மேல் பையன் கண்ணாடிச் சில்லால் வெயிலைத் திருப்பி அடிக்கிறான் பாருங்கள்... அவனால் முடிந்த அடி அவ்வளவுதான்!

டைரக்டர் பி.எஸ்.வினோத்ராஜுக்கு இது முதல் படம். டிவிடி கடையில் வேலை பார்த்தவர். அவருடைய சகோதரி, கணவன் வீட்டில் பட்ட அவமானத்தில் கைக்குழந்தையோடு பதிமூன்று கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்தாராம். நிஜத்தில் நடந்தது அவர். படத்தில் புருஷனை நடக்கவிட்டிருக்கிறார் கூடப்பிறந்தவர்கள் சார்பாக! நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தயாரித்த இந்தப் படம் 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. ஆஸ்கருக்கு இந்தியா சார்பில் போனதும் இதுதான். நமக்குக் கிடைத்தது 2023 அக்டோபரில், சோனி லிவ்வில். ஏ.சி. வேலை செய்யாத தியேட்டரில் பார்க்க வேண்டிய படம் சார் இது!

வழியில் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான் பையன். வீட்டுக்கு வந்ததும் அதைக் கொண்டுபோய் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியலே கிடக்கிறது. இத்தனை தடவையா நடந்திருக்கிறான்?

படம் முடிந்தது. ஒன்றேகால் மணி நேரம்தான். வாட்டர் கேனில் ஒருத்தன் தண்ணீர் பிடிக்கிற சத்தம் மட்டும். எங்களில் மூத்தவர், பேங்க் கேஷியர், படம் முழுக்க வாயே திறக்காதவர், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என்கிட்ட பஸ் டிக்கெட்டு இருந்துச்சு. அம்மா ஒவ்வொரு தடவை போனப்பவும் அப்பா என்னையத்தான் இழுத்துட்டுப் போவாரு. டிக்கெட்டை எல்லாம் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்ல சேத்து வெச்சிருந்தேன்."

"எத்தனை சார் இருக்கும்?"

"எண்ணலை" என்றார், தினம் லட்சக்கணக்கில் எண்ணுகிறவர்.