படபடப்புக்குச் சத்து மாத்திரை: டப்பாவின் பின்பக்கம் சொல்வது

நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, இப்போதே உயிர் போய்விடும் போலிருக்கிறது. அடித்துப் பிடித்துப் போய் ஈசிஜி எடுத்தால், "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். டென்ஷனுக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அந்த இடத்தில்தான் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது: அஸ்வகந்தா கம்மி (மெல்லும் மிட்டாய்), மெக்னீசியம் மாத்திரை, 'மன அமைதி' பவுடர்.

வாங்குமுன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில், பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். நிறுவனம் ஆசைப்பட்டு அச்சிட்டதல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அது. 14 இலக்க உரிம எண்ணோடு விற்கும் சப்ளிமெண்ட், சட்டப்படி உணவு. பதற்ற நோயைக் குணமாக்கும் என்று சொல்லி அதை விற்க முடியாது.

பலனே இல்லையா? கொஞ்சம் இருக்கலாம். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 100 மில்லிகிராம் வைட்டமின் பி6 எடுத்துக்கொண்ட இளைஞர்கள் பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள், திடீரென இப்படிப் படபடப்பு தாக்கும் பேனிக் நோயாளிகள் அல்ல. அதே பி6-ஐ அதிக அளவில் நீண்ட நாள் விழுங்கினால் நரம்பு பாதித்துக் கை கால் மரத்துப்போகும். அஸ்வகந்தா நம்ம ஊர் அமுக்கராதான். அதனாலேயே 'என்ன செய்துவிடப் போகிறது' என்று அலட்சியம். அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. டென்மார்க் 2023-ல் தடையே போட்டது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் பி12 மாத்திரை நியாயமான மருந்து. ரத்தசோகையும் அதிகத் தைராய்டும்கூடப் படபடப்பைத் தரும். ஆகவே முதல் செலவு பரிசோதனைக்கு. சோகை என்று தெரிந்தால் இரும்புச் சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். ஆயிரம் ரூபாய் கம்மி அங்கே எதற்கு?

'பேனிக் அட்டாக் குணமாகும்' என்று நம்ப வைத்து விற்றிருந்தால் பில், டப்பாவின் படம், விளம்பர ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் திரும்ப வேண்டுமென்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

மனநல சிகிச்சை 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் உரிமை. 14416-ஐ அழைத்தால் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். ஏற்கெனவே மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை இருந்தால், சப்ளிமெண்டை நம்பி அதைச் சட்டென நிறுத்த வேண்டாம். முதல்முறையாக நெஞ்சு வலித்து, வேர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது டென்ஷன் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.